ஆன்டலோப் வேட்டைக்கு எந்தக் காலிபர் ரைபிள் சரியாக இருக்கும்? சட்டப்படி எது செல்லும்?

கேள்வி கேட்டவர் கொருக்குப்பேட்டைத் தம்பி. எச்1பி விசாவில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வருக்கு வேலைக்குப் போகிறாராம். அங்கே உள்ள டீம் ஆட்கள் அக்டோபரில் ஆன்டலோப் வேட்டைக்கு வரச்சொல்லி இப்போதே கூப்பிடுகிறார்களாம். ".223 போதுமா, .300 மேக்னம் வேண்டுமா? ஊரிலிருந்தே ஏதாவது பழகிக்கொண்டு போக முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் பெரம்பூர். டென்வரில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவன்.

காலிபர் என்பது குழலின், அதில் போகும் குண்டின் விட்டம். புள்ளியோடு வரும் எண் அங்குலம், 6.5 மட்டும் மில்லிமீட்டர்; கூட வருவது தோட்டா ரகத்தின் பெயர்.

சுருக்கமான பதில்: .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .270 வின்செஸ்டர், .308. இதில் எது கைக்குக் கிடைக்கிறதோ அது போதும். .223 கொலராடோவில் செல்லாது. .300 மேக்னம் செல்லும், ஆனால் உங்களுக்கு வேண்டாம்.

இதை இங்கே உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. கிண்டியிலும் கோடியக்கரையிலும் மேய்கிற வெளிமான் ஆன்டலோப் இனம்தான். சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 1998இல் ஜோத்பூர் பக்கம் வெளிமான் சுட்ட வழக்கில் இந்தி நடிகர் ஒருவருக்கு 2018இல் ஐந்தாண்டு தண்டனை விதித்தார்கள். இருபது வருடம் ஆனாலும் வழக்கு விடாது.

எங்கள் தெருவில் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியத் தாத்தா ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு .315 ரைபிள். .303 ராணுவத் தோட்டா என்பதால் சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நம் நாட்டில் அந்த.315 அவ்வளவு புழங்கியது. சட்டம் வந்த பிறகு எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு சரி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிந்ததும் போய்த் திரும்ப எடுத்து வருவார். காலிபர் பற்றி யாராவது பேச்செடுத்தால், "நம்பர் பார்க்காதே மேன், குண்டு எங்கே போய் உட்காருதுன்னு பாரு" என்பார். டென்வர் போன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

சரி, கொலராடோ. அங்கே ஆன்டலோப் என்று சொல்வது பிராங்ஹார்ன். அறிவியல்படி அது ஆன்டலோப்பே இல்லை, ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் கிட்டத்து உறவு. அதை விடுங்கள். நன்கு வளர்ந்த ஆண் ஐம்பது கிலோ சொச்சம் வரும். உடம்பு சின்னது, தோலும் எலும்பும் மெல்லியவை. அதை விழவைக்கப் பெரிய சக்தி எதுவும் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடிப்பக்க நடுவில் தட்டினால் வெடிக்கும் ரகம்) ரைபிளாக இருக்க வேண்டும், காலிபர் .24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குழல் குறைந்தது 16 அங்குலம். தோட்டா பட்டதும் விரியும் ரகமாக, குறைந்தது 70 கிரெய்ன் எடை. 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு சக்தி மிச்சம் இருக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம்) என்றால், தோட்டா அடுக்கும் மேகசினிலும் சுடத் தயாராக ஒன்று நிற்கும் சேம்பரிலும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கூடாது. .223இன் தோட்டா .224 அங்குலம், அதனால் வாசலிலேயே நின்றுவிடும். .243 இந்தக் கணக்கைத் தாராளமாகத் தாண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ராணுவ ரகமான, முழுக்க உலோகக் கவசம் போட்ட தோட்டாவை வாங்கிவிடாதீர்கள். .308 ரைபிளில் போட்டாலும் அது சட்டவிரோதம்தான். பட்ட இடத்தில் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடிவிடும்.

பக்கத்து மாநிலமான வயோமிங்கில் விதி வேறு. அங்கே .22 காலிபர் சென்டர்ஃபயர், 60 கிரெய்ன் தோட்டா என்றாலே பிராங்ஹார்னுக்குச் செல்லும். டீமில் யாராவது ".223இல் எத்தனையோ சுட்டிருக்கிறேன்" என்று சொன்னால் அவர் வயோமிங் கதை சொல்கிறார் என்று அர்த்தம். எல்லை தாண்டினால் விதி மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். அந்தந்த மாநிலம் அந்த ஆண்டுக்குப் போடும் விதிப் புத்தகத்தைப் பாருங்கள், என் பதிலைப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள்.

காலிபரைவிட முக்கியமான ஒன்று உங்கள் விசா. குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, அங்குள்ள ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். ஆகவே லைசென்ஸ் கைக்கு வரும்வரை நண்பருடைய ரைபிளை "சும்மா பிடித்துப் பார்க்கிறேன்" என்றுகூடத் தொடாதீர்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை, அதனால் அவர்களுக்கு இது தெரிந்திருக்காது. யாரும் உங்களை எச்சரிக்க மாட்டார்கள். லைசென்ஸ் வாங்க 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும். ரைபிள் சீசனுக்கான பிராங்ஹார்ன் அனுமதி பெரும்பாலும் குலுக்கலில்தான், விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆறு மாதம் அங்கே வசித்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம். அதற்கு முன் என்றால் பல மடங்கு. உங்கள் டீம் ஆட்கள் இந்த அக்டோபருக்குக் கூப்பிட்டால் சந்தோஷமாகக் கூடப் போய்ப் பைனாகுலர் பிடியுங்கள்.

இப்போது ஏன் .243 முதல் .308 வரை என்று சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பிராங்ஹார்ன் வாழும் இடம் மரமே இல்லாத வெட்டவெளி. முழங்கால் உயரத்துக்கு சேஜ்பிரஷ் புதர், மிதித்தால் கற்பூரம் போல ஒரு காட்டம். ஒளிய இடமில்லை, அதன் கண்ணோ மகா கூர்மை. நீங்கள் தவழ்ந்து, முழங்கையில் சப்பாத்திக்கள்ளி முள் ஏறி, பை மேல் ரைபிளை வைக்கும்போது அது 250, 300 கஜத்தில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். காற்று எப்போதும் இருக்கும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று, .243இன் 100 கிரெய்ன் தோட்டாவை 300 கஜத்தில் கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளிவிடும். குறி வைக்க வேண்டிய இதயம், நுரையீரல் பகுதியின் அகலமே ஒரு சாண்தான். நடுவில் குறி வைத்துவிட்டுக் காற்றை மறந்தால், குண்டு வயிற்றில் போய் விழும். 6.5 கிரீட்மோரின் நீண்டு மெலிந்த தோட்டாவைக் காற்று இதைவிடக் குறைவாகவே தள்ளும். இன்று கடைக்குப் போய்ப் புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் நண்பர் வீட்டில் .270 சும்மா இருந்தால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். அதில் 130 கிரெய்ன் தோட்டா போடுங்கள். கிரெய்ன் கணக்கு நமக்குப் பழக்கமில்லை. 130 கிரெய்ன் என்பது 8.4 கிராம், ஒரு சவரனைவிடக் கொஞ்சம் கூடுதல். 200 கஜத்தில் குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி ஜீரோ செய்துவிட்டால் 300இல் ஆறேழு அங்குலம் இறங்கும், அவ்வளவுதான் நினைவில் வைக்க வேண்டியது. வேட்டையில் நண்பர் கூடவே இருக்க, உங்களிடம் லைசென்ஸும் இருந்தால் அவர் ரைபிளைப் பயன்படுத்துவதைக் கொலராடோ சட்டம் அனுமதிக்கிறது.

.300 மேக்னம் வேண்டாம் என்றதற்குக் காரணம் தோள்பட்டை. .243 உதைப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உதைக்கும். முதல் நான்கு குண்டுக்குள் உடம்பு அதைக் கற்றுக்கொண்டுவிடும். ஐந்தாவது குண்டில் டிரிகரை அழுத்துவதற்கு முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். புது ஆளுக்கு இந்தப் பயம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம்.

"ஆன்டலோப்" என்று பொதுவாகக் கேட்டிருப்பதால் ஆப்பிரிக்காவையும் தொட்டுவிடுகிறேன். நமீபியாவில் காலிபரைப் பார்ப்பதில்லை, குழல்வாயில் எத்தனை ஜூல் என்று பார்க்கிறார்கள். ஸ்பிரிங்பக்குக்கு 1,350 ஜூல் போதும், .223கூடத் தாண்டிவிடும். குடு, ஓரிக்ஸ், ஈலாண்டுக்கு 2,700. வழக்கமான .243 சுமார் 2,600இல் நூலிழையில் தோற்றுவிடும்; .270, .308 சுலபமாகத் தேறும். ஈலாண்ட் ஆண் அரை டன்னுக்கு மேல் போகும், அதுவும் ஆன்டலோப்தான். அங்கே செமி ஆட்டோமேட்டிக்குக்கும் இடமில்லை.

ஊரிலிருந்து பழகுவது பற்றி: இங்கே ஏதாவது ரைபிள் கிளப்பில் சேர முடிந்தால் .22 ரிம்ஃபயரில் (அடிப்பக்க விளிம்பில் தட்டினால் வெடிக்கும் சின்னத் தோட்டா) 50 மீட்டர் சுடுங்கள். அந்தத் தோட்டா வேட்டைக்குச் செல்லாது, உதையும் கிடையாது, ஆனால் மூச்சை எங்கே நிறுத்துவது, டிரிகரை இழுக்காமல் எப்படி அழுத்துவது என்பதெல்லாம் அதில்தான் வரும். படுத்துச் சுடுவதில் கை வந்ததும் உட்கார்ந்து சுடப் பழகுங்கள். சேஜ்பிரஷ் மறைப்பதால் அங்கே படுத்துக்கொண்டு சுட முடிகிற இடம் குறைவு. உறுப்பினர் சேர்க்கைக்குப் போலீஸ் சரிபார்ப்பு அது இது என்று நாளாகும், ஆகவே டிக்கெட் போட்ட பிறகு போய் நிற்காதீர்கள்.