தண்டர்பேர்டா, மீட்டியாரா? முதலில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு வீடு கொடுங்கையூர், வேலை எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். ரொம்ப நாளாக க்ரூஸர் பைக் ஆசை, கையில் 1.3 லட்சம் இருக்கிறது. காசிமேட்டில் 2016 ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 ஒன்று, 95,000 சொல்கிறார். பெரம்பூரில் அதே கம்பெனியின் 2021 மீட்டியார் 350, 1.45 லட்சம். மீட்டியார்காரர் அதை இரண்டாம் கையாக வாங்கியவர், ஆர்.சி.யில் இன்னும் பழைய ஓனர் பெயர்தான். "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். என் உயரம் 5 அடி 4 அங்குலம். எதை எடுக்கலாம்?

தம்பி, உயரத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். மீட்டியார் சீட் 765 மில்லிமீட்டர்தான், தண்டர்பேர்டும் கிட்டத்தட்ட அதே அளவு, இரண்டிலும் கால் தரையில் ஊன்றும். ஆனால் இரண்டுமே 190 கிலோவைத் தொடும் வண்டிகள். சிக்னலில் நிற்கும்போது தெரியாது, சந்துக்குள் பின்னால் தள்ளும்போது தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு முறை உங்கள் வீட்டுத் தெருவில் தள்ளித் திருப்பிப் பாருங்கள், ஆசை கொஞ்சம் தெளியும். இன்னொன்று, க்ரூஸரில் கால் முன்னால் நீட்டி உட்காருவதால் பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்க முடியாது, அடி நேராக முதுகுக்குத்தான். கன்டெய்னர் லாரி ஓடிக் குழி விழுந்த மணலி ரோட்டில் தினமும் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, வண்டிக்கு வருவோம். எல்லோரும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கிறார்கள். நம்ம வடசென்னையில் நான் அதைக் கடைசியாகத்தான் கேட்பேன். வண்டி ராத்திரி எங்கே நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கே நின்றது, இந்த இரண்டும்தான் முதல் கேள்விகள். என்ஃபீல்டு ஆலை திருவொற்றியூரில் 1955-லிருந்து இருக்கிறது, அதனால் இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த கைகள் இந்தப் பக்கம் நிறைய. அதற்காக நம்ம ஊர் வண்டியை நம்ம ஊர் உப்புக்காற்று விட்டுவைக்குமா என்ன? காசிமேட்டில் கடல் பார்த்த தெருவில் கவர் இல்லாமல் ஒன்பது வருஷம் நின்ற தண்டர்பேர்டு, மீட்டரில் 20,000 காட்டினாலும் எனக்குப் பழைய வண்டிதான்.

பார்க்கப் போகும்போது பாலிஷ் போட்ட டேங்கைப் பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் மாட்டும் இடம், பேட்டரி உட்காரும் தட்டு, பின் மட்கார்டின் உள்பக்கம், சைலன்சர் இணையும் இடம். தண்டர்பேர்டுக்கு ஸ்போக் வீல் என்பதால் ஸ்போக் ரிம்மில் சேரும் நிப்பிள்களையும் பாருங்கள். துரு மேலாகப் படிந்திருந்தால் பரவாயில்லை, தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தால் விட்டுவிடுங்கள். முன் ஃபோர்க் பைப்பில் விரலை வைத்து மேலும் கீழும் தடவுங்கள். குரோம் அரித்துச் சின்னச் சின்னக் குழி தட்டுப்பட்டால், அந்தக் குழியின் விளிம்பு ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். விற்கிறவர் "சீல் புதுசு சார்" என்பார், உண்மையாகவும் இருக்கும், ஆனால் பைப்பை மாற்றாதவரை அந்தப் புதுசு ஆறு மாசம் தாங்காது. ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டுவது போதும். டேங்கின் பக்கவாட்டில் நகர்த்தினால் எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே அடிபட்டுப் பட்டி பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் கழுவிவிடுவார்கள். கழுவ முடியாத இடங்கள் இருக்கின்றன. ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் ஒயர் கப்ளர்களைக் கழற்றிப் பாருங்கள், பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் அந்த வண்டி குளித்திருக்கிறது. இன்ஜின் பக்கத்தில் ஆயில் பார்க்கும் கண்ணாடி இருக்கும், அதில் டீ நிறத்தில் பால் கலந்த மாதிரி தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்த டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் பட்ட வண்டிகளில் ரப்பர் புஷ், சீல், ஹோஸ் எல்லாம் உப்பிப்போய்ப் பிசுபிசுவென்று இருக்கும். மீட்டியார் விஷயத்தில் வெள்ளம் இன்னும் மோசம். தண்டர்பேர்டு மாதிரி கார்புரேட்டர் வண்டியைப் பிரித்துத் துடைத்து ஓட்டலாம், மீட்டியாரில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ. ஒவ்வொன்றாக, அதுவும் மழை நாளில்தான் படுத்துக்கொள்ளும்.

தண்டர்பேர்டில் ஒரு முக்கியமான இடம் ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கொடுப்பது அதுதான். பேட்டரி இறங்கிய நிலையில் திரும்பத் திரும்ப செல்ஃபை அழுத்தினால் அது தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கும். குளிர்ந்த இன்ஜினில் செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் மட்டும் சுற்றி "கர்ர்" என்று சத்தம், இன்ஜின் திரும்பவில்லை என்றால் அதுதான் கதை, சரிசெய்ய இடது பக்கத்தையே பிரிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், காலையில் போங்கள், போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். அந்த 2016 வண்டியில் ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கிடையாது, டயரும் டியூப் டயர். யார்டு ரோட்டில் ஆணி குத்தினால் உடனே இறங்கிவிடும். மீட்டியாரில் டியூப்லெஸ், ஏபிஎஸ் இரண்டும் உண்டு. ஆனால் அதில் கிக்கர் கிடையாது, பேட்டரி போனால் தள்ளத்தான் வேண்டும்.

மீட்டியார்காரரிடம் ஒன்று கேளுங்கள். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை தயாரான வண்டிகளில் இக்னிஷன் காயில் குறை இருக்கலாம் என்று கம்பெனியே 2021 மே மாதம் திரும்ப அழைத்தது. உங்களுடையது அந்தக் கூட்டத்தில் வருகிறதா, காயில் பார்த்தார்களா என்பதை சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளலாம். டயரையும் பாருங்கள், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ஐந்து வருஷம் நெருங்கும் டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் கெட்டிப்பட்டிருக்கும், மாற்றும் காசை விலையில் கழியுங்கள்.

இப்போது அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்". தம்பி, இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ சட்டத்தின் கண்ணில் அவர்தான் ஓனர். வண்டி கை மாறி ஓடி விபத்து நடந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி. பெயர்க்காரருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் அந்த முதல் ஓனருக்கும் பெயர் மாற்றத்தில் அக்கறை இருக்கும். அவரை வரவழையுங்கள், விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30, இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும், அந்தப் பெயரை நீக்கும் படிவம் 35-ம் வாங்காமல் நகராதீர்கள். அரசின் பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு நிலுவைச் சலானையும் பாருங்கள், துறைமுகம் பக்கம் ஓடிய வண்டி என்றால் சலான் மாலையே கோத்திருக்கும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் 2021 வண்டிக்கு அது 2026-ல் முடியும். அதையும் உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளில் எழுதிக் கொடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் பழையவருடையது, உங்களுக்கு வராது.

விலை பேச உங்களிடம் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மீட்டியார் 349 சிசி. புது வண்டியே இறங்கிவிட்டது, பழைய வண்டிக்கு மட்டும் பழைய கணக்கா? 1.45-க்கு வாய்ப்பே இல்லை, 1.15-ல் ஆரம்பித்து 1.2 வரை போங்கள். மீதியை டயர், செயின் ஸ்ப்ராக்கெட், காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் சுத்தமாகாவிட்டால் மீட்டியாரையும் விடுங்கள். தண்டர்பேர்டு என் கணக்கில் 65,000-க்கு மேல் போகாது, அதுவும் ஃபோர்க் பைப் நன்றாக இருந்தால்.

எதை வாங்கினாலும், ராத்திரி பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று உப்போடு சேர்ந்து ஊறவைக்கும். துணிக் கவர் போதும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர், சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினுக்கு லூப் ஆயில். தண்டர்பேர்டு என்றால் ரெண்டு வாரம் நிற்கப் போகும்போது கார்புரேட்டரில் பெட்ரோலை வடித்துவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரம்பூர் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று அவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முதல் ஓனரும் அங்கே வந்தால்தான் டோக்கன் அட்வான்ஸ். அவர் வராமல் ஐந்நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.