டேவிஸுக்கு ஓலோனி வழியாகவும் போகலாம்

ஃப்ரீமாண்ட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்குச் செடிகொடிகளில்தான் நாட்டம் என்பதைக் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமான யூசியின் பெர்க்லி, யூசிஎல்ஏ வளாகங்களில் இடம் கிடைக்காதது வருத்தம்தான், புரிகிறது. அதற்காக, ஆண்டுக்குப் படிப்புக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு, அவள் கேட்காத கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு, வீட்டின் மேல் கடன் வாங்கி அனுப்புவதா? "கம்யூனிட்டி காலேஜா? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று கேட்கும் சித்தப்பா அந்தக் கடனில் ஒரு தவணையும் கட்டப்போவதில்லை. இந்தத் திட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உங்கள் ஊரிலேயே இருக்கும் கம்யூனிட்டி காலேஜ் ஓலோனி. முதல் இரண்டு ஆண்டை அங்கே படித்துவிட்டு யூசிக்கு மாறலாம். பாடங்களை அளக்கும் ஒரு யூனிட்டுக்குக் கலிஃபோர்னியாவாசிகளுக்கு அங்கே 46 டாலர். யூசி வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேர 60 யூனிட் வேண்டும். கூட்டினால் 2,760 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. முதல்முறை கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்கு இதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் மாநிலத்தில் உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள். முடிவில் கையில் வரும் பட்டம் நான்கு ஆண்டும் யூசியிலேயே படித்தவருக்குக் கிடைக்கும் அதே பட்டம்.

இப்படி மாறுகிறவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி என்று ஒன்று இருக்கிறது. கவுன்சிலர்கள் டேக் என்பார்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களும், கேட்ட பாடங்களைக் கேட்ட ஜிபிஏவோடு (4-க்கு இவ்வளவு என்ற சராசரி மதிப்பெண்) முடித்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. பள்ளி மதிப்பெண்ணும் எஸ்ஏடி நுழைவுத் தேர்வும் இதில் கணக்கில்லை. உறவுக்கூட்டத்தில் இதைப்பற்றி யாரும் பேசாததற்குக் காரணம், பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான். உங்கள் மகளுக்கு அதனால் நஷ்டமில்லை. பயிர், மண், தாவரம் என்று படிக்க விரும்பும் பிள்ளைக்கு டேவிஸைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 1905-இல் சட்டம் போட்டு, பெர்க்லிக்கான விவசாயப் பண்ணையாகத் தொடங்கிய இடம் அது.

டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். அதற்குள் 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும், எனவே முதல் ஆண்டிலும் கோடையிலும் பாடங்களைத் தள்ளிப்போடக் கூடாது. டேக் போட்டால் மட்டும் போதாது. அக்டோபர், நவம்பரில் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் போட வேண்டும்; அதில் அதே வளாகம், அதே மேஜர் (முதன்மைப் பாடம்) இருக்க வேண்டும். மேஜரை மாற்றிவிட்டால் உறுதி போய்விடும். அதே விண்ணப்பத்தில் பெர்க்லியையும் சேர்த்துக்கொள்ளலாம், அதைத் தடுப்பாரில்லை. ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு படிவம் வரும். அதைத் தவறவிட்டு இடத்தை இழப்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம் அசிஸ்ட் என்ற இணையதளம். அதில் ஓலோனியையும் டேவிஸையும் மேஜரையும் தேர்ந்தெடுத்தால் ஓர் ஒப்பந்தத் தாள் திறக்கும். இடப்பக்கம் டேவிஸ் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான ஓலோனிப் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே "ஆண்ட்" என்று இருந்தால் இரண்டையும் முடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் முடித்தால் எதற்கும் ஈடாகாமல் அந்தரத்தில் நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க வேண்டிய பாட வரிசையில் பாதியை ஓலோனியிலும் மீதியை டி ஆன்சா என்ற இன்னொரு கம்யூனிட்டி காலேஜிலும் படிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓலோனியில் ஆண்டை இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் முறை, டி ஆன்சாவில் அதைவிடச் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. ஒரே பெயரில் இருந்தாலும் பாடங்களை வெட்டியிருக்கும் இடம் வேறு. வேதியியலோ இயற்பியலோ, தொடங்கிய கல்லூரியிலேயே அந்த வரிசையை முடிக்கட்டும்.

இன்னொரு தவறு, பொதுப்பாடங்களை முதலில் முடித்துவிடலாம் என்று நினைப்பது. கால்-கெட்சி என்ற பொதுப்பாடத் தொகுப்பு 11 பாடம், 34 யூனிட். எளிதாக இருக்கிறதே என்று முதல் ஆண்டு முழுக்க அதிலேயே போனால் வேதியியலுக்கு நேரம் இருக்காது. செடி சார்ந்த மேஜர்களுக்குப் பொது வேதியியல், அதற்குமேல் ஆர்கானிக் வேதியியல், கூடவே உயிரியல் வரிசை, புள்ளியியல் என்று வரும். பொது வேதியியலுக்கு இரண்டு செமஸ்டர், அதை முடித்தபின்தான் ஆர்கானிக். முதல் ஆகஸ்டிலேயே வேதியியலில் உட்காராவிட்டால் இரண்டாண்டுப் படிப்பு மூன்றாகும். முதல் இரண்டு செமஸ்டரில் ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் இரண்டையும் அடுத்தடுத்து எடுக்கட்டும். முதலாவதை முடிக்காமல் இரண்டாவதில் சேர முடியாது.

பத்தாம், பதினோராம் வகுப்புக் கோடையில் அவள் ஏதாவது கல்லூரியில் ஒரு பாடம் எடுத்தாளா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அந்த மதிப்பெண் கல்லூரி ஜிபிஏவில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதை மறைக்கவும் முடியாது. எந்தக் கல்லூரியில் படித்ததானாலும் விண்ணப்பத்தில் காட்டியே ஆக வேண்டும். காட்டாமல் விட்டால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்துவிடுவார்கள்.

மேஜரை அவள் தேர்ந்தெடுக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டேக்கின் உறுதி அந்த மேஜரின் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவருக்குத்தான். பிடிக்காத பாடத்தில் அரைமனதாக 2.8 வாங்குவதைவிட, பிடித்த பாடத்தில் 3.6 வாங்குவது அவளுக்கு எளிது. தவிர, கம்ப்யூட்டர் சயன்ஸைச் சில வளாகங்கள் டேக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்த வாரம் பள்ளி மதிப்பெண் சான்றிதழை ஓலோனி கவுன்சிலிங் அலுவலகத்தில் கொடுத்து, வேதியியலில் சேர அவளுக்குத் தகுதி உண்டு என்று கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாவிட்டால் பதிவு நாளில் அந்த வகுப்பு அவளுக்குத் திறக்காது. லேப் உள்ள வகுப்புகள் ஒரு பிரிவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கும், முதலில் நிரம்புவதும் அவைதான். அவளுக்கு ஒதுக்கிய பதிவு நேரம் எந்த நாளில் வந்தாலும், அன்று சொந்தக்காரர் வீட்டு விசேஷமே இருந்தாலும், அவள் அந்த நிமிஷம் கணினி முன் இருக்கட்டும்.