சரிவின் மேலே விரிசல் விழுந்திருக்கிறது, உடனே தடுப்புச் சுவர் கட்டலாமா?

கேள்வி: மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டியிருக்கிறோம். பின்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு வெட்டிய மண் செங்குத்தாக நிற்கிறது. இந்த மழையில் அதன் மேலே தரையில் நீளமாக விரிசல் தெரிகிறது. கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பினால் போதுமா?

பதில்: சுவர் வேலையை இப்போது தொடவே வேண்டாம். மேலே இருக்கும் மண்ணைத் தாங்குவது சரிவின் அடிமண்தான். வீட்டுக்காக வெட்டியபோதே அதில் ஒரு பகுதி போய்விட்டது. மழைக்காலத்தில் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டினால் மிச்சத் தாங்கலும் போய்விடும்.

முதல் வேலை, வீட்டை ஒட்டிய ஆபத்தைக் குறைப்பது. பலத்த மழை பெய்யும் இரவுகளில் வேறு வீட்டில் தங்குங்கள். விரிசல் பிறைபோல வளைந்து, அதன் கீழ்ப்பக்கத் தரை சற்று இறங்கியிருந்தால் மண் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் மழைக்காகக் காத்திராமல் இன்றே கிளம்புங்கள். இறக்கம் ஏதும் இல்லையென்றால், மழை விட்ட பகல் நேரத்தில் விரிசலின் இரு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். சில மில்லிமீட்டர் கூடினாலும் அது எச்சரிக்கைதான். கதவு, ஜன்னல் திடீரென்று இறுகுவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, சரிவின் அடி புடைப்பது, புதிதாக ஊற்று கிளம்புவது எல்லாமே அதே கணக்கில் சேரும்.

சரி, மண் ஏன் நகர்கிறது? நனைந்த மண் கனக்கும் என்பது பாதிக் காரணம்தான். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உரசி நிற்பதால்தான் சரிவே நிற்கிறது. இடுக்குகளில் தண்ணீர் நிரம்பியதும் அதன் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளுகிறது, உராய்வு குறைகிறது. பல நாள் மழை ஊறிய பிறகு, சாதாரண மழையிலேயே சரிவு இறங்கிவிடுவது இதனால்தான்.

ஆகவே பணத்தைத் தண்ணீரை வெளியேற்றுவதில் முதலில் போடுங்கள். விரிசலுக்கும் மேலே, உறுதியான தரையில், சரிவுக்குக் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி சிமென்ட் பூசுங்கள். பூசாத வாய்க்கால் தண்ணீரை உள்ளேதான் இறக்கும். விரிசலைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து அடிவாரம் வரை கொண்டுபோய் விடுங்கள். மேலே செப்டிக் டேங்கோ, கசியும் தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மழையே இல்லாத மாதங்களிலும் அந்தக் கசிவு சரிவை ஊறவைத்துக்கொண்டே இருக்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகு, புவித்தொழில்நுட்பப் பொறியாளரோ (மண், பாறையின் உறுதியை ஆராய்பவர்) நிலவியலாளரோ இடத்தைப் பார்த்து வடிவமைத்துக் கொடுத்தால் சுவர் கட்டலாம். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, முகப்பில் வடிகுழாய்த் துளைகள் விட்டே ஆக வேண்டும். துளை இல்லாத சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் மண்ணோடு சேர்ந்து விழும். வெட்டிவேர் நடுவது நல்லதுதான். அதன் வேர் நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூட இறங்கும். ஆனால் நழுவும் தளம், அதாவது மேல்மண் வழுக்கி இறங்கும் அடுக்கு, அதைவிட ஆழத்தில் இருந்தால் எந்தச் செடியாலும் தடுக்க முடியாது.

அப்புறம், பக்கத்தில் ஓடை இருந்தால் அதையும் கவனியுங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றுவழியே பல கிலோமீட்டர் பாய்ந்துதான் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்தன. ஓடை திடீரென்று கலங்கினாலோ, மழை பெய்யும்போதே நீர் குறைந்தாலோ, மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கலாம். பாறைகள் உருளும் சத்தம் கேட்டால் ஓடை போகும் திசையில் ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேடு ஏறுங்கள். முதல் சரிவு நின்றதும் சாமான் எடுக்க உள்ளே போகாதீர்கள். அதே இடம் மறுபடியும் இறங்கலாம். திரும்பலாமா என்பதை அதிகாரிகள் பார்த்துச் சொல்லட்டும்.