மெய்நிகர் கணினிச் சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, விண்டோஸ் 11 லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது மெய்நிகர் கணினியை, ஓட்டும் மென்பொருள்) போட்டு அதில் உபுண்டு லினக்ஸ் நிறுவினேன். ஓடுகிறது, ஆனால் மெனு திறக்கவே பல நொடி ஆகிறது. கீழே ஓரத்தில் பச்சையாக ஓர் ஆமைப் படம் வேறு தெரிகிறது. அது என்ன?

பதில்: உங்கள் சிக்கலுக்கான காரணமே அந்த ஆமைதான் தம்பி. மெய்நிகர் கணினியை வேகமாக ஓட்டுவதற்கென்று பிராசசருக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. இன்டெல்லில் அதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி. விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி இயங்கினால் அந்த வசதியை அதுவே பிடித்துக்கொள்ளும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். 6.0 பதிப்புக்கு முன்பென்றால் மெய்நிகர் கணினி கிளம்பவே கிளம்பாது. இப்போது கிளம்புகிறது, ஆனால் மெதுவாக. ஆமை அதைத்தான் காட்டுகிறது.

"நான் ஹைப்பர்-வியைத் தொடவே இல்லையே" என்று பலர் கேட்பார்கள். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் (மென்பொருளைத் தனியே ஓட்டிச் சோதிக்கும் இடம்), பாதுகாப்புப் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி, இவற்றில் ஒன்று இயங்கினாலும் அடியில் ஹைப்பர்-வி எழுந்துவிடும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகும் ஆமை இருந்தால் மிச்சம் மெமரி இன்டெக்ரிட்டி. அதை அணைக்கும் முன் யோசியுங்கள். அது டிரைவர் வழியாக உள்ளே நுழையும் தீங்கு நிரல்களைத் தடுக்கிற காவல். வங்கி வேலை, அலுவலக வேலை எல்லாம் அதே லேப்டாப்பில் என்றால் நான் அணைக்க மாட்டேன். உங்களுடையது விண்டோஸ் புரோ என்றால் ஹைப்பர்-வியிலேயே உபுண்டுவை நிறுவிக்கொள்வது மேல். ஹோம் பதிப்பில் அந்த வசதி கிடையாது.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் புதிய மெய்நிகர் கணினி உருவாக்கும்போது எனக்குப் பட்டியலில் 32-பிட் மட்டும்தான் வருகிறது மேடம். 64-பிட் காணோம்.

பதில்: கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். இன்டெல் என்றால் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட். அணைந்திருக்கும், இயக்கிவிடுங்கள்.

கேள்வி: மொத்தம் 8 ஜிபி ராம். மெய்நிகர் கணினிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: 4 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதிகம் கொடுத்தால் உள்ளே இருப்பதும் வேகமாகாது, வெளியே இருப்பதும் திணறும்.

கேள்வி: என்னுடையது லினக்ஸ் கணினி. நேற்று வரை நன்றாக ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் இல்லை என்கிறது.

பதில்: விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல் (கெர்னலோடு இணையும் டிரைவர்) ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகத் தொகுக்கப்பட வேண்டும். புதிய கெர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பையும் (தொகுக்கத் தேவையான கெர்னல் ஃபைல்கள்) டிகேஎம்எஸ்ஸையும் (மாட்யூலைத் தானாகத் தொகுக்கும் கருவி) நிறுவுங்கள், பிறகு தானாகவே நடக்கும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. மாட்யூலை நிறுவும்போதே உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்து, மாட்யூலின் கையொப்பத்துக்கான சாவியைப் பதிவு செய்ய வேண்டும். பலரும் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து அப்படியே தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி: அலுவலகக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸின் கூடுதல் வசதித் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக் போடலாமா?

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூல மென்பொருள், யாரும் எங்கும் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக்கின் உரிமம் வேறு. சொந்தப் பயன்பாடு, கல்வி, சோதித்துப் பார்த்தல் இவற்றுக்கு மட்டும்தான் அது இலவசம். அலுவலகம் என்றால் உரிமம் வாங்காமல் போடாதீர்கள். இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து நிறுவனங்களுக்கும் இலவசம், அதைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, அவசரம். டிஸ்க் நிரம்பிவிட்டது. ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் பெரிய பெரிய ஃபைல்கள் இருந்தன, பழசுதானே என்று அழித்துவிட்டேன். இப்போது மெய்நிகர் கணினி கிளம்பவில்லை. மூன்று மாத வேலை உள்ளே இருக்கிறது.

பதில்: முதலில் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், எதையும் நிறுவாதீர்கள். ரீசைக்கிள் பின்னில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே இடத்துக்கு ரீஸ்டோர் செய்யுங்கள்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். ஸ்னாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைக் குறித்துவைப்பது. அதை எடுத்த கணத்தில் பழைய டிஸ்க் ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்த ஃபோல்டரில் உள்ள புதிய ஃபைலில்தான் விழும். பழசு என்று நீங்கள் நினைத்ததுதான் உங்கள் மூன்று மாத வேலை. அது நிரந்தரமாகப் போயிருந்தாலும் மூல டிஸ்க் ஃபைலில் முதல் ஸ்னாப்ஷாட் வரையிலான நிலை பத்திரமாக இருக்கும். அதை நகலெடுத்து, நகலை மட்டும் புதிய மெய்நிகர் கணினியில் இணைத்துப் பாருங்கள். நானும் இதே ஃபோல்டரில் இதே தவறைச் செய்து ஒரு முழுத் திட்டத்தை இழந்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை விளக்கமாகச் சொல்கிறேன்.

கேள்வி: ரீசைக்கிள் பின்னில் இருந்தது அக்கா! எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் டிஸ்க் இன்னும் நிரம்பியேதான் இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

பதில்: மனசு நிம்மதியானது. மெய்நிகர் கணினியை முறையாக ஷட்டவுன் செய்து, அதன் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். பிறகு விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே ஸ்னாப்ஷாட் பட்டியலுக்குப் போய், அங்கிருந்து டிலீட் கொடுங்கள். அந்தச் சொல் பயமுறுத்தும், ஆனால் அங்கே டிலீட் என்றால் அந்த இடைநிலையை மறந்துவிட்டு மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பது. உங்கள் இன்றைய நிலை அப்படியே இருக்கும். சேர்க்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும், எனவே முதலில் வேறு எதையாவது நகர்த்தி இடம் உண்டாக்குங்கள். நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.