அட்டையில் இரண்டாவது பெயர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தமிழில் பெண்கள் எழுதிய நாவல்களை ஓரளவு வாசித்திருக்கிறேன். பிற நாட்டுப் பெண்கள் இன்று எழுதும் புனைகதைகளையும் அறிய விரும்புகிறேன். ஆங்கிலத்தில் வாசிக்கவும் முடியும். ஆனால், நோபல் பரிசு அறிவிக்கப்படும்போது மட்டுமே ஒரு புதிய பெயர் காதில் விழுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நோபலை மட்டும் நம்பினால் நெடுநாள் காத்திருக்க நேரும். 1901 முதல் வழங்கப்படும் அந்த இலக்கியப் பரிசை 2024இல் தென் கொரியாவின் ஹான் காங் பெற்றபோது, அவர் அதைப் பெறும் 18ஆவது பெண்ணாகவும் ஆசியாவின் முதல் பெண்ணாகவும் இருந்தார். சர்வதேச புக்கர் பரிசு இதைவிட உதவியானது. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட ஒரு தனி நூலுக்கு 2016 முதல் ஆண்டுதோறும் அது வழங்கப்படுகிறது. வென்ற நூலோடு நின்றுவிடாமல், குறும்பட்டியலில் உள்ள ஆறு நூல்களையும் பாருங்கள். பல ஆண்டுகளில் எனக்கு நெருக்கமான நூல் தோற்றவற்றில்தான் இருந்திருக்கிறது.

பட்டியல்களைக் காட்டிலும் நான் நம்பும் வழி ஒன்று உண்டு. ஒரு நூல் பிடித்துவிட்டால், எழுதியவரின் பெயரோடு மொழிபெயர்த்தவரின் பெயரையும் குறித்துக்கொண்டு, அவர் வேறு எவற்றை மொழிபெயர்த்திருக்கிறார் என்று தேடிச் செல்லுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் நல்ல வாசகராகவும் இருப்பார். நமக்காக ஒரு மொழி முழுவதையும் துழாவிப் பார்த்தவர் அவர்.

கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலான ‘ரேத் சமாதி’யை மொழிபெயர்த்து, 2022இல் அவருடன் சர்வதேச புக்கரைப் பகிர்ந்துகொண்டவர் டெய்ஸி ராக்வெல். அவர் பெயரைத் தொடர்ந்து சென்றால், கதீஜா மஸ்தூர் 1962இல் வெளியிட்ட ‘ஆங்கன்’ என்னும் உருது நாவலை அடைவீர்கள். பிரிவினைக்கு முந்தைய ஆண்டுகளை ஒரு வீட்டின் உள்முற்றத்தில் இருந்தபடியே சொல்லும் நாவல் அது. ஆண்கள் காங்கிரஸ் என்றும் முஸ்லிம் லீக் என்றும் பிரிந்து அரசியல் பேச, அதன் விலையை அடுக்களையில் உள்ள பெண்கள் கொடுக்கிறார்கள்.

பதிப்பகத்தையும் இவ்வாறே பின்தொடரலாம். ‘ரேத் சமாதி’யை ஆங்கிலத்தில் வெளியிட்ட டில்டட் ஆக்சிஸ், ஹான் காங்கின் மொழிபெயர்ப்பாளரான டெபோரா ஸ்மித் 2015இல் தொடங்கிய சிறு பதிப்பகம். நம் சல்மாவின் ‘மனாமியங்கள்’ நாவலும் மீனா கந்தசாமியின் மொழிபெயர்ப்பில் அங்கிருந்தே 2020இல் வெளிவந்தது.

ஸ்பானிய மொழிக்கு மேகன் மெக்டவலின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் சமந்தா ஷ்வெப்ளின், மரியானா என்ரிக்கஸ், சிலேயின் லினா மெருவானே ஆகிய மூவரையும் அவர் வழியாகவே வாசிக்கலாம். ஷ்வெப்ளினின் சிறு நாவல் ஒன்றின் ஸ்பானியத் தலைப்புக்கு ‘மீட்புத் தூரம்’ என்று பொருள். மகளுக்கு ஆபத்து நேர்ந்தால் எத்தனை நொடியில் ஓடிச் சென்று காப்பாற்ற முடியும் என்று ஒரு தாய் ஓயாமல் மனத்துக்குள் அளந்துகொண்டே இருக்கும் தூரம் அது. சோயா வயல்களின் நஞ்சு நீரிலும் நிலத்திலும் கலந்துவிட்ட ஊரில் அந்த அளவு பொய்த்துப்போவதுதான் கதை. ஆங்கிலத்தில் இத்தலைப்பைக் காய்ச்சல் கனவு என்னும் பொருள்பட மாற்றிவிட்டது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

அரபு மொழிக்கு மர்லின் பூத். ஓமானின் ஜோகா அல்ஹார்த்தியிலிருந்து லெபனானின் ஹுதா பரக்காத்துக்கு அவர் உங்களை அழைத்துச் செல்வார்.

மொழிபெயர்த்தவரின் பெயர் சில நூல்களின் அட்டையில் இராது. உள்பக்கத்தில் தேட வேண்டும். போலந்தின் ஓல்கா தோகார்ச்சுக்கை மொழிபெயர்த்த ஜெனிஃபர் கிராஃப்ட், அட்டையில் தம் பெயர் இல்லாத நூல்களை இனி மொழிபெயர்ப்பதில்லை என்று 2021இல் அறிவித்ததற்கு இதுவே காரணம்.

கேள்வி: ஹான் காங்கின் நாவலைச் சமயவேல் ‘மரக்கறி’ என்ற பெயரில் தமிழாக்கியிருப்பதை வாசித்தேன். கொரிய மொழியிலிருந்து ஆங்கிலம், அதிலிருந்து தமிழ் என்று வரும்போது மூலத்தில் என்னதான் மிஞ்சும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றியே கடுமையான விவாதம் நடந்திருக்கிறது. டெபோரா ஸ்மித் இருபது வயதுக்கு மேல்தான் கொரிய மொழியைக் கற்கத் தொடங்கினார். பாதத்தைக் குறிக்கும் கொரியச் சொல்லை அவர் கை என்று கொண்டுவிட்டது போன்ற பிழைகளை விமர்சகர்கள் எடுத்துக்காட்டினர். அவற்றைவிடப் பெரிய குற்றச்சாட்டு, மூலத்தின் வறண்ட, அடங்கிய நடை ஆங்கிலத்தில் அலங்காரம் பெற்றுவிட்டது என்பது. ஆயினும் ஹான் காங் அந்த மொழிபெயர்ப்பை வாசித்து ஏற்றுக்கொண்டவர்.

இரண்டு கை மாறியும் அழியாதது இந்நாவலின் கட்டமைப்பு. இறைச்சி உண்பதை ஒரு கனவுக்குப் பின் நிறுத்திவிடும் யோங்-ஹே என்ற பெண்ணை முதல் பகுதியில் கணவனும், இரண்டாம் பகுதியில் அக்காளின் கணவனும், மூன்றாம் பகுதியில் அக்காளும் பார்க்கிறார்கள். அவளுடைய சொந்தக் குரலோ, இடையிடையே வரும் கனவுத் துண்டுகளில் மட்டுமே ஒலிக்கிறது. சைவம் என்பது பிறப்போடும் சாதியோடும் சேர்த்துப் பெருமையாகப் பேசப்படும் நம் சூழலில், புலால் மறுப்பது ஒரு கலகம் என்பது முதலில் விளங்காமல் போகலாம். குடும்ப விருந்தில் தந்தை அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கும் இடத்தை அடைந்ததும் விளங்கிவிடும்: அங்கே பிரச்சினை உணவு அன்று, கீழ்ப்படியாமை. நேரடித் தமிழாக்கம் ஒன்று வரும் நாளில் மீண்டும் வாசியுங்கள். அதுவரை வாசிக்காமல் இருக்காதீர்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்களில் ஒருவரை மட்டும் பரிந்துரைக்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்பா. அவர் ஆங்கிலத்திலேயே எழுதுவதால், மேலே நான் சொன்ன வழி இங்கே பயன்படாது. தம்பு என்ற பெண்ணைப் பற்றிய மூன்று நாவல்கள் 1988, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. தன் அண்ணன் இறந்ததற்காகத் தான் வருந்தவில்லை என்று சொல்லித்தான் அவள் கதையைத் தொடங்குகிறாள். அவன் போன பிறகே பள்ளிப் படிப்பு அவள் பக்கம் திரும்பியது. மூன்றாவது நாவல் 2020இல், ஆங்கிலத்திலேயே எழுதப்படும் நாவல்களுக்கான புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றதால் கடைகளில் அதுவே முதலில் கண்ணில் படும். அதை எடுக்காதீர்கள். நடுவயதுத் தம்புவை ‘நீ’ என்று விளித்தே முழுக்க எழுதப்பட்டிருக்கும் அந்த நாவலின் கசப்பு, படிக்கத் துடித்த சிறுமியை 1988ஆம் ஆண்டு நூலில் சந்தித்தவர்களுக்கே முழுமையாக உறைக்கும்.