ஷுகர் இருப்பவர்கள் பால், தயிரை நிறுத்தத்தான் வேண்டுமா?

வேண்டாம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்காவது ஷுகர் என்று தெரிந்தால், "முதல்ல பாலை நிறுத்துக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் அம்மாவிடமும் அதையே சொன்னார்கள். பால், தயிர், மோர் எல்லாம் போயின. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

100 மில்லி பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். கூடவே புரதமும் கொழுப்பும் இருப்பதால் அது ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். டீக்கடை டீயில் விழும் பால் 100 மில்லிகூட இருக்காது. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோ 8, 10 கிராம். தொட்டுக்கொள்ள பொறை வேறு. தயிர்சாதத்திலும் அதே கதைதான்: ஒரு கப் சோற்றில் மாவுச்சத்து சுமார் 45 கிராம், ஒரு கப் தயிரில் சுமார் 10 கிராம். தயிரைக் கூட்டிச் சோற்றைக் குறையுங்கள், வெள்ளரிக்காய் நறுக்கிப் போடுங்கள். இனிப்பு போடாத தயிரைச் சொல்கிறேன். ரோஸ்மில்க், பாதாம் பால், பால்கோவா எல்லாம் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

இந்தியா உட்பட 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. பால் பொருட்களைத் தினமும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஷுகர் வருவது குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்புதான். பால் குடித்தால் ஷுகர் வராது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. ஷுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு உடம்பில் பி12 என்ற வைட்டமின் குறையலாம். குறைந்தால் கால் மரத்துப்போகலாம், எரியலாம். ஷுகரால் நரம்பு கெட்டாலும் அதே தொந்தரவுதான் என்பதால், பி12ஐப் பலர் சோதிப்பதே இல்லை. மீன், முட்டை, கறி சாப்பிடாதவர்களுக்கு அந்தச் சத்து சாப்பாட்டில் கிடைக்கும் முக்கிய வழியே பாலும் தயிரும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆவின் பாக்கெட்டில் ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் கொழுப்பில்தான் பெரிய வித்தியாசம், சர்க்கரையில் இல்லை. எடையும் கொலஸ்ட்ராலும் கூடியிருந்தால் நீலம் போதும்.

கிரியாட்டினின் ஏறி, சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் இதெல்லாம் அப்படியே பொருந்தாது. பாலில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டும் உண்டு. எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவர்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.