விண்டோஸ் 11-க்கு மாறிய பின் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்களா? சம்மதிக்காதீர்கள்

கேள்வி: பல வருடங்களாக விண்டோஸ் 10 பயன்படுத்தி வந்தேன். போன வாரம் திரையில் வந்த அறிவிப்புக்குச் சரி கொடுத்தேன், விண்டோஸ் 11 ஆகிவிட்டது. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து நிற்கிறது. ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு வருவதில்லை. டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகளில் சிலவற்றின் மேல் மேகம் போல ஒரு சின்னம் இருக்கிறது. அவற்றில் சில திறக்கவும் மறுக்கின்றன. கணினியும் மந்தமாகிவிட்டது. சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால், “அப்கிரேட் சரியாக ஏறவில்லை, ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டால்தான் சரியாகும்” என்கிறார். செய்யலாமா? இல்லை, பழைய 10-க்கே திரும்பிவிடுவதா?

பதில்: ஃபார்மேட் வேண்டாம். இப்போதைக்குக் கணினியில் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்கிரேட் பழுதானதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பது, 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியான நாளிலிருந்தே அதன் வடிவமைப்பு. ரைட் கிளிக் மெனு சுருங்கியதும் அப்படித்தான். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது அந்த மேகச் சின்னம்தான். அதை முதலில் பார்ப்போம்.

அப்கிரேட் முடிந்து உள்ளே நுழையும்போது வரிசையாகச் சில திரைகள் வந்திருக்கும். உங்கள் கோப்புகளை பேக்கப் எடுத்து வைக்கட்டுமா என்று அவற்றில் ஒன்று கேட்டிருக்கும். சம்மதிக்கும் பொத்தான்தான் கண்ணில் படும். மறுக்கும் வழியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படி ஒரு திரையை வைத்துவிட்டு, வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டார் என்று கணக்கு எழுதிக்கொள்வது சரியே இல்லை. அந்தச் சம்மதத்துக்கு நடைமுறையில் என்ன பொருள் என்றால், உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவோடு இணைந்த, அதே பெயருள்ள ஃபோல்டருக்குள் இடம் மாறிவிடும். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ஒன்டிரைவ் என்று போனால் எல்லாம் அங்கே இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் சாமான்களை வேறு அறையில் வைத்துவிட்டு, எந்த அறை என்று சொல்லாமல் போன மாதிரிதான்.

மேகச் சின்னம் இருந்தால், அந்தக் கோப்பின் பெயர் மட்டும்தான் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இருக்கிறது என்று பொருள். இணையம் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. உங்களுக்குச் சில கோப்புகள் திறக்காமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். பல வருடப் புகைப்படங்கள் அதில் அடங்காது. கொஞ்ச நாளில் “இடம் நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் வாங்குங்கள்” என்று செய்தி வரும். உடனே பலர், கணினியில்தான் ஒரு பிரதி இருக்கிறதே என்று நினைத்து, இணையத்தில் இருப்பதை அழித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கோப்பு. அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாள் வரை ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டெடுக்கலாம். பிறகு முடியாது.

உங்களுக்கு இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால், நான் சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் வீண் பதற்றம். முதலில் ஒன்டிரைவ் ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். எல்லாக் கோப்புகளிலும் மேகம் போய்ப் பச்சை வட்டம் வரும் வரை காத்திருங்கள். இரவு முழுக்க ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகல் எடுத்ததோடு விடாமல் நாலைந்து கோப்புகளை அதிலிருந்தே திறந்து பாருங்கள். அதன் பிறகுதான் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேக ஐகானை அழுத்தி, செட்டிங்ஸ் போய், ‘மேனேஜ் பேக்கப்’ என்ற இடத்தில் மூன்று ஃபோல்டர்களையும் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டால், கணினிக்கே திருப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கேட்காமலே நிறுத்திவிட்டு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே இருக்கும், அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம்.

தோற்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாஸ்க்பாரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்கள். கடைசியில் ‘டாஸ்க்பார் அலைன்மென்ட்’ என்று இருப்பதை ‘லெஃப்ட்’ ஆக்கினால் ஸ்டார்ட் பொத்தான் பழைய மூலைக்கே போய்விடும். பழைய ரைட் கிளிக் மெனு வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்யுங்கள். தமிழில் தட்டச்சு செய்பவராக இருந்தால், விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு மாறும். அப்கிரேட்டில் அது போகாது. இரண்டு வாரம் புழங்கினால் கை பழகிவிடும். பழைய மெனுவைக் கொண்டுவருகிறேன் என்று கண்ட கண்ட செயலிகளைப் போட வேண்டாம்.

அடுத்தது மந்தம். பெரிய அப்கிரேட் முடிந்த முதல் சில நாட்களில் கணினி பின்னணியில் நிறைய வேலை பார்க்கும். கோப்புகளைத் தேடலுக்காக மறுபடி பட்டியல் போடும், மீதி அப்டேட்களை இறக்கும், உங்கள் விஷயத்தில் புகைப்படங்களை வேறு மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஓர் இரவு மின் இணைப்பில் வைத்து, தூங்கவிடாமல் ஓட விடுங்கள். அதன் பிறகும் மந்தமாகவே இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில், கணினி தொடங்கும்போதே ஓட வேண்டிய அவசியம் இல்லாதவற்றை நிறுத்துங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம் போதும் என்று மைக்ரோசாஃப்ட்டின் குறைந்தபட்சப் பட்டியல் சொல்கிறது. 4 ஜிபியில் அது ஓடும், மனிதர் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் ராம் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

செய்யக் கூடாதது ஒன்று. “கணினி மந்தமா? இலவசமாகச் சோதிக்கிறோம்” என்று வரும் கிளீனர், ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைப் பதிந்து வைக்கும் இடம்) கிளீனர், டிரைவர் அப்டேட்டர் வகையறாக்களைத் தொடவே வேண்டாம். நூற்றுக்கணக்கில் பிழைகள் என்று சிவப்பு எழுத்தில் பட்டியல் போடுவதுதான் அவற்றின் வியாபாரமே. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களுக்குத் தாங்கள் ஆதரவு தருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. இன்னொன்று, திரை முழுக்க எச்சரிக்கை வந்து அதில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால் அது மோசடிதான், சந்தேகமே வேண்டாம். விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. அந்த எண்ணைக் கூப்பிட்டால், உங்கள் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். போட்டீர்களோ, வங்கிக் கணக்கு வரை அவர்கள் கையில்.

இப்போது ஃபார்மேட் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல சர்வீஸ்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கோளாறுக்கும் ஃபார்மேட்தான் மருந்து என்பவர், காரணத்தைத் தேட அவகாசம் இல்லாதவர். ஃபார்மேட் செய்தால் உங்கள் செயலிகள் போகும், சேமித்த பாஸ்வேர்டுகள் போகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இருந்தால், எழுத்துருவும் சேர்ந்து போய், திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத் தெரியும். சிலர் “புது லைசன்ஸ் வேண்டும்” என்று அதற்கும் பணம் கேட்பார்கள். முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு வருவது இலவசம். அந்த உரிமம் உங்கள் கணினியின் வன்பொருளோடு பிணைந்தது, புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாமலே விண்டோஸை ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் என்று ஏதாவது ஒன்றைப் போடுகிறேன் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வைரஸ் உள்ளே வர அதைவிட வசதியான வாசல் கிடையாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தெரியாது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11-ஐ வெற்றுக் கணினியில் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று இருப்பது இதுதான். கணினி திருடு போனால் கோப்புகளை யாரும் படிக்க முடியாது. அந்த வகையில் நல்ல ஏற்பாடு. இந்தப் பூட்டுக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று உண்டு. முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்களோ, அந்தக் கணக்கில்தான் அது போய்ச் சேரும்.

சர்வீஸ்காரர் அவசரத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கேட்காமல், தன்னுடையதையோ, கடைக்கென்று வைத்திருக்கும் ஒன்றையோ போட்டுவிடுவது நடக்கிற விஷயம்தான். ஒரு பின் எண் வைத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார். மாதக்கணக்கில் எந்தப் பிரச்சினையும் தெரியாது. பிறகு ஒருநாள் பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகும், அல்லது மதர்போர்டு மாற்ற நேரும். நீலத் திரையில் கணினி அந்தச் சாவியைக் கேட்கும். அது உங்களிடம் இல்லை. அவருக்கு எந்தக் கணக்கு என்று நினைவிருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. உள்ளே இருப்பது உள்ளேயே போனது. பூட்டு போடுவதற்கு முன், சாவி யாரிடம் போகிறது என்று பெரிய எழுத்தில் ஒரு வரி காட்ட இந்த அமைப்புக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவே இல்லை.

நீங்கள் செய்திருப்பது பழையதன் மேலேயே ஏறிய அப்கிரேட். அது மட்டுமே இந்தப் பூட்டைப் புதிதாகப் போடாது. ஆனாலும் முன்பு எப்போதாவது யாராவது உங்கள் கணினியை ஃபார்மேட் செய்து தந்திருந்தால் இன்றே பாருங்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’, அதில் ‘யுவர் இன்ஃபோ’. அங்கே தெரியும் மின்னஞ்சல் உங்களுடையதா? அடுத்து ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ போட்டிருக்கிறதா? போட்டிருந்து, மின்னஞ்சல் உங்களுடையதாகவும் இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் சாவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணினிக்குள் சேமித்து வைப்பதில் பயனில்லை. மின்னஞ்சல் வேறு யாருடையதாவது என்றால், முதலில் அந்தப் பூட்டை அணைத்துவிடுங்கள். டிஸ்க் முழுவதும் திறக்கச் சில மணி நேரம்கூட ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள். பிறகு உங்கள் கணக்கைச் சேர்த்து, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுங்கள். உங்கள் கோப்புகள் பழைய கணக்கின் ஃபோல்டரில் இருக்கும், அவற்றை நகல் எடுத்த பிறகே அந்தக் கணக்கை நீக்குங்கள். உங்கள் கணக்கில் நுழைந்து மறுபடி பூட்டைப் போட்டால் சாவி உங்களிடம் வந்து சேரும். வந்துவிட்டதா என்று இணையப் பக்கத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, 10-க்குத் திரும்புவது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’, அதில் ‘கோ பேக்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அப்கிரேட் ஆன நாளிலிருந்து 10 நாள்தான் அது வேலை செய்யும். முன்பு 30 நாள் தந்தார்கள், 2016-ல் 10 ஆகக் குறைத்தார்கள். ஒரு புதிய அமைப்பு பிடிக்கிறதா இல்லையா என்று சாதாரண மனிதருக்குத் தெரியவே ஒரு மாதம் ஆகும். காலம் முடிவதற்குள் ஒரு கட்டளை கொடுத்து 60 நாள் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. அதை எந்தத் திரையும் உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் கேள்வி அனுப்பும்போதே ஒரு வாரம் ஓடிவிட்டதால், இதைப் படிக்கும்போது அந்தப் பொத்தான் மறைந்திருக்கலாம். இன்னும் இருந்தால், கோப்புகளை நகல் எடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தலாம். கிளீனர் எதையாவது ஓட்டி, பழைய விண்டோஸ் இருக்கும் ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற ஃபோல்டரை அழித்துவிட்டால் திரும்பும் வழியும் அதோடு போய்விடும்.

ஆனால் திரும்பிப் போக நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். அந்தக் கொஞ்ச அவகாசத்துக்காகத் திரும்பிப் போய், மறுபடி இதே மாற்றத்துக்கு உட்கார வேண்டுமா? உங்கள் கணினிக்கு விண்டோஸ் அப்டேட்டே 11-ஐத் தந்திருக்கிறது என்றால், அதன் வன்பொருள் தேவைகளை அது பூர்த்தி செய்கிறது என்று பொருள். 11-லேயே இருங்கள். இந்த வாரம் வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கும் வேலையை மட்டும் முடித்துவிடுங்கள்.